சென்னைக்கும் உண்டா

முதல் விதி: குடையைத் தொடக் கூடாது.
எடுத்துப் போனால் பெய்யாது என்பது
சி பிளாக் முழுக்கத் தெரிந்த விஷயம்.
இரண்டாவது விதியில்தான் சண்டை.
வீட்டுப்பாடத்தை முடித்துவிடணும்,
நம் உழைப்பை வீணாக்கவாவது லீவு வரும்
என்பான் சகாயராஜ்.
முடித்தால் வானத்துக்குத் தெரிந்துவிடும்
என்பேன் நான்.
கடைசியில் அறிவியலை முடித்து
கணக்கை அப்படியே விட்டோம்.

ரேஷன் பச்சரிசி ஒரு கை, வாய் வலிக்க மென்று.
தின்றால் கல்யாணத்தன்று மழை வருமாம்.
கல்யாணம் யாருக்கு வேண்டும்,
திங்கட்கிழமை போதும்.
இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு
அவன் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து
காம்பஸுக்கும் டிவைடருக்கும்
மொட்டைமாடி டேங்க் ஓரத்தில்
ரப்பர் பேண்டால் தாலி கட்டினோம்.
சாட்சிக்குக் காக்கா வந்தது.
நரிக்குத்தான் வியாசர்பாடியில் எங்கே போவது.

யூனிஃபார்மை ராத்திரி துவைக்கணும்,
காயாத சட்டை மழையைக் கூப்பிடும்.
இடது ஷூவைக் கவிழ்த்து அதன்மேல் டைம்டேபிள்.
தலையணைக்கடியில் நாலாய் மடித்த உத்தரவு,
கலெக்டர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.

டிவியில் வங்கக்கடல்.
தாழ்வுப் பகுதி தாழ்வு மண்டலம் ஆகும்வரை
மூச்சை அடக்கிக்கொள்வோம்.
எத்தனை முறை கிட்டே வந்து
வடக்கே திரும்பிப் போயிருக்கிறது.
மச்சிலிப்பட்டினம் என்ற ஊரை
நான் வயிற்றெரிச்சலில்தான் படித்தேன்.

ஐந்தே முக்காலுக்குத் திரையடியில் எழுத்து ஓடும்.
கடலூர். நாகை. விழுப்புரம்.
காஞ்சிபுரம், திருவள்ளூர்,
அப்புறம் ஒரு நகைக்கடை விளம்பரம்.
அந்த முப்பது நொடியில்
நான் வேண்டாத சாமி கிடையாது.

அந்த நவம்பரில் பலித்தது.
ஒரு நாள் கேட்டோம், ஒன்பது நாள்.
இரண்டாம் நாள் சப்வேயில் பஸ் முங்கியது,
ஓடிப்போய்ப் பார்த்துக் கைதட்டினோம்.
மூன்றாம் நாள் கரண்ட் போனது;
லீவு விட்டார்களா என்றே தெரியாத லீவு.
நான்காம் நாள் கீழ்வீட்டு தில்ஷாத்
எங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.
அவள் அம்மா, ஒரு மூட்டை,
தையல் மிஷினின் தலை மட்டும்.
உடம்பு கீழே தண்ணீருக்குள் நின்றது.

மெழுகுவத்தி அணைந்த பிறகு சொன்னாள்,
அவளுக்கும் விதிகள் உண்டாம்.
மேகம் கறுத்தால் குடையை விரித்து வைத்தே தூங்குவாள்.
வாசற்படியில் சாக்பீஸால் ஒரு கோடு,
இதைத் தாண்டாதே என்று.
சட்டைக்கு இரண்டு முறை இஸ்திரி.
பச்சரிசி டப்பா பக்கமே போகமாட்டாள்.
"எல்லாம் கரெக்டாதான் செஞ்சேன்,
எப்படித் தோத்துச்சுன்னே தெரியல."

நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

விடியுமுன் மாடிக்குப் போனேன்.
மணமக்கள் நனைந்து கிடந்தார்கள்,
மாப்பிள்ளைக்குத் துரு.
ரப்பர் பேண்டைப் பல்லால் கடித்து அறுத்தேன்.
அதற்குப் பிறகும் ஐந்து நாள் பெய்தது.

இப்போது நான் ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர்.
திருத்தாத பேப்பர் இரண்டு கட்டு.
வாசலில் இடது செருப்பு கவிழ்ந்து கிடக்கிறது,
சத்தியமாய் நான் தொடவில்லை.
ஹாலில் குடையை விரித்து வைத்திருக்கிறேன்,
அது நான்தான்.
இரண்டையும் பார்த்துவிட்டு
வானம் என்ன நினைத்துக்கொள்ளுமோ.
மணி ஐந்தே முக்கால்.
போனில் செங்கல்பட்டு வந்துவிட்டது.
அதற்குள் யாரோ ஒரு பிள்ளை
அம்மாவின் நம்பரிலிருந்து கேட்கிறது:
மிஸ், சென்னைக்கும் உண்டா?